எழுத்தாக நின்ற எண்கள்

எண்ணும் எழுத்தும் கல்வியின் இரு கண்கள் என்பது நம் முன்னோர் கொள்கை. கண்கள் இரண்டாயினும் காட்சி ஒன்றே. ஆயினும் எண்ணுக்குரிய முறை வேறு, எழுத்துக்குரிய முறை வேறு என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. பொருள்களை ஒழுங்குபடுத்தி நிறுத்த முற்படும்போதே அவ்வேறுபாடு வெளிப்படும். முன்னாளில் ஏடும் எழுதுகோலும் கொண்டு பட்டியல் எழுதிய கணக்கர் இவ்வேறுபாட்டைத் தம் அறிவினால் எளிதிற் கடந்து சென்றார். இன்று பட்டியல் அமைக்கும் பொறுப்பைக் கணினியிடம் ஒப்படைத்துள்ளோம். கணினியோ தனக்குச் சொல்லப்பட்டதை மட்டும் அறியும். ஆதலின், எண்ணை எண் என்று அதற்கு அறிவியாதவிடத்து நேரும் பிழைகள் யாவை, அவற்றைத் தீர்க்கும் வழிகள் யாவை என்பனவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம்.

இவ்வெழுத்தாளன் கணினித்துறையில் முறையான பட்டம் பெற்றவனல்லன். வெளிவாரியாகக் கலைமாணித் தேர்விற் சித்தியெய்தி, அப்புத்தளை மலைச்சாரலில் ஆசிரியத் தொழில் புரிபவன். பாடசாலை அலுவலகத்துக் கணினி ஒன்றின்முன் அமர்ந்து, தான் செய்த தவற்றின் வாயிலாக இப்பொருளைக் கற்றவன். அத்தவற்றை முதலிற் கூறுதல் முறையாகும்.

ஒரு பட்டியலின் கதை

சில ஆண்டுகளுக்கு முன்னர், யான் பணியாற்றிய பாடசாலை ஒன்றில், நலன்விரும்பி ஒருவர் கணிதத்திற் சிறந்த பத்து மாணவர்க்குப் பாடநூல்களும் அப்பியாசக் கொப்பிகளும் வழங்க முன்வந்தார். ஆண்டிறுதித் தேர்வின் புள்ளிகள் யாவும் கணினியின் தரவுத்தளத்திற் பதியப்பட்டிருந்தன. மாணவர் அறுபத்து மூவர். அவருள் இருவர் தேர்வுக்கு வாராமையால், அவர்தம் புள்ளிக் கட்டத்தில் ‘வ’ என்னும் எழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தது. எண்களுக்கு மட்டும் உரிய கட்டத்தில் எழுத்தைப் பொறித்தல் இயலாது. அதனால், அப்புலத்தை எண்ணுக்குரியதாக அமையாது உரைக்குரியதாக அமைத்திருந்தனர். அவ்வாறு செய்தமைக்குத் தக்க காரணம் இருந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

புள்ளிகளை இறங்குவரிசையில் நிறுத்தி, முதற் பத்துப் பெயர்களைத் தருக என்று வினவல் ஒன்றை யானே எழுதினேன். விடை நொடிப்பொழுதில் வந்தது. பட்டியலின் உச்சியில் நின்றோர் தேர்வுக்கு வாராத இருவருமே! அது கண்டு அலுவலகத்தில் இருந்தோர் யாவரும் நகைத்தோம். வராதோரை நீக்குக என்னும் நிபந்தனையைச் சேர்த்து வினவலை மீண்டும் இயக்கினேன். இம்முறை 97, 94, 92, 89 என இறங்கி, பத்தாம் இடத்தில் 71 நின்றது. பட்டியலில் ஒரு குறையும் தோன்றவில்லை. அதிபர் ஒப்பமிட்டார், பட்டியல் அறிவித்தற் பலகையில் இடம்பெற்றது.

மூன்றாம் நாள் தாய் ஒருத்தி பாடசாலைக்கு வந்தாள். தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் தொழிலாளி அவள். பகல் நிறுவைக்குப் பின் மலைக்குத் திரும்பாது நேரே இங்கு வந்தமையால், அன்று அவளுக்கு அரைப் பேரே கிடைக்கும். கையில் மகளின் விடைத்தாளை மடித்து வைத்திருந்தாள். “சேர், புள்ள நூறு எடுத்திருக்குன்னு தாள்ல போட்டிருக்கு. பட்டியல்ல பேரு இல்லீங்களே” என்றாள்; அவள் குரலிற் சினம் சிறிதும் இல்லை. தான் ஏதோ தவறாக விளங்கிக்கொண்டதாகவே அவள் எண்ணியிருந்தாள் என்பது பார்வையிற் புலப்பட்டது.

முழுப் பட்டியலையும் எடுத்து நோக்கினேன். நூற்றுக்கு நூறு பெற்ற அம்மாணவியின் பெயர் அறுபத்தொருவருள் அறுபத்தோராவதாக, 14 புள்ளி பெற்ற மாணவனுக்கும் கீழே நின்றது. வகுப்பில் முழுப்புள்ளி பெற்றவள் அவள் ஒருத்தியே. ஆதலினால் இடம்மாறி நின்ற பெயரும் அஃதொன்றே. ஒற்றையிலக்கப் புள்ளி பெற்றார் ஒருவரேனும் இருந்திருப்பின், 9 என்பது 89க்கு மேல் நின்று பிழையைக் காட்டிக் கொடுத்திருக்கும். அவ்வாறு எவரும் இல்லாமையால், பிழை முற்றும் மறைந்திருந்தது. உச்சியில் நின்ற ‘வ’ என்னும் எழுத்துத்தான் எமக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை. அதனை நகைத்து நீக்கினோமேயன்றி, அஃது ஏன் அங்கு நின்றது என வினவினோமில்லை.

பரிசு பதினொருவர்க்கும் வழங்கப்பட்டது. பதினோராவது பரிசுக்குரிய செலவை ஆசிரியர்கள் ஏற்றனர். அத்தாய் இழந்த அரைப் பேரை மட்டும் எவராலும் மீட்டுக் கொடுக்க இயலவில்லை.

இரு வரிசைகள்

இனி, 100 என்பது 14க்குக் கீழே சென்று நின்றமைக்குரிய காரணத்தை நோக்குவாம்.

தமிழிற் பழைய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையாற் பகுத்துச் செய்யுளில் அமைத்தன. சொற்களை அகரவரிசையில் அடுக்கும் முறையை இரேவணசித்தர் 1594ஆம் ஆண்டில் இயற்றிய ‘அகராதி நிகண்டு’ முதன்முதற் கையாண்டது. வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டிற் செய்த ‘சதுரகராதி’ அம்முறையை வளர்த்து உறுதிப்படுத்திற்று. அகராதி முறையின் இலக்கணம் யாது? இரு சொற்களின் முதலெழுத்துக்களை முதலில் ஒப்பிடுதல் வேண்டும். அவை ஒத்திருப்பின் இரண்டாம் எழுத்துக்களை ஒப்பிடுதல் வேண்டும். எவ்விடத்து வேறுபாடு தோன்றுகின்றதோ அவ்விடத்தே தீர்ப்பு முடிந்துவிடும். சொல் நீண்டதா, குறுகியதா என்பது அங்கு வினாவே அன்று. ‘கடல்’ என்னும் நீண்ட சொல் ‘கல்’ என்னும் குறுகிய சொல்லுக்கு முன் நிற்பதைக் காண்க. இரண்டாமிடத்தில் டகரம் லகரத்துக்கு முற்பட்டது; அவ்வளவே.

எண்ணின் வரிசையோ இதற்கு மாறானது. எண்ணில் முதலில் நோக்கத்தக்கது நீளமே. மூன்று இலக்கமுடைய முழுவெண் இரண்டு இலக்கமுடையதனை எப்போதும் விஞ்சும். நீளம் ஒத்தவிடத்துத்தான் இடப்பக்கத்து இலக்கம் முதலாக ஒப்பிடும் வேலை எழும். இடத்தினாற் பெறுமானம் வேறுபடுவதே இன்று நாம் வழங்கும் எண்முறையின் உயிர். நூறு என்பதில் உள்ள 1 நூறாம் இடத்தது. பதினான்கு என்பதில் உள்ள 1 பத்தாம் இடத்தது. அகராதி முறை அவ்விரண்டனையும் ஒரே தரத்தனவாகக் கொண்டு, அடுத்த இடத்திலுள்ள 0, 4 என்பனவற்றை ஒப்பிட்டு, 0 சிறிது ஆதலின் 100 சிறிது எனத் தீர்ப்பளிக்கின்றது. அத்தீர்ப்பு எழுத்தின் முறைக்குச் சரியே. எண்ணின் முறைக்கு மட்டும் பிழையாம். கணினி பிழை செய்யவில்லை. எழுத்தாகக் கொடுக்கப்பட்டதை எழுத்தாகவே அது நிறுத்திற்று.

கணினியின் உள்ளே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் உண்டு. 1963ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ‘ஆஸ்கி’ நியமத்தின்படி 0 முதல் 9 வரையுள்ள இலக்கக் குறிகள் 48 முதல் 57 வரையுள்ள குறியெண்களைப் பெற்றன. உலக மொழிகள் யாவற்றையும் தழுவி எழுந்த ‘யுனிகோட்’ நியமமும் அவற்றை அவ்வாறே ஏற்றுக்கொண்டது. அந்நியமத்தில் தமிழுக்குரிய பகுதி 2944இல் தொடங்குகின்றது. ‘வ’ என்னும் எழுத்தின் குறியெண் 2997. எனவே இறங்குவரிசையில் ‘வ’ என்பது எல்லா இலக்கங்களுக்கும் மேலாக நின்றமை வியப்பன்று.

தமிழெண்கள் தரும் சான்று

இவ்விடத்து நம் பழைய தமிழெண்களை நினைத்தல் பயனுடைத்து. ஒன்று முதல் ஒன்பது வரைக்கும் ௧ முதல் ௯ வரையுள்ள குறிகள் இருந்தமையோடு, பத்துக்கு ௰ என்றும், நூற்றுக்கு ௱ என்றும், ஆயிரத்துக்கு ௲ என்றும் தனிக்குறிகள் இருந்தன. பன்னிரண்டை ௰௨ என்றும் இருபதை ௨௰ என்றும் எழுதினர். முன்னதிற் பத்தும் இரண்டும் கூடின, பின்னதில் இரண்டு பத்துக்கள் நின்றன. அம்மரபிற் பூச்சியக் குறிக்கு வேலையில்லை. யுனிகோட் நியமத்திலுங்கூடத் தமிழ்ப் பூச்சியக் குறி 2005ஆம் ஆண்டிலேதான் சேர்க்கப்பட்டது.

இப்பழைய எண்களைக் குறியெண் ஒன்றனையே நோக்கி வரிசைப்படுத்தின் நிகழ்வது யாது? ௧ முதல் ௯ வரையுள்ள குறிகளுக்குப் பின்னரே ௰, ௱, ௲ என்பன முறையே அமைந்துள்ளன. ஆதலின் இருபதாகிய ௨௰, இருநூறாகிய ௨௱ என்னும் இரண்டும் மூன்றுக்கு முன்னே வந்து நிற்கும். பத்தாகிய ௰ என்பதோ, தொண்ணூற்றொன்பதும் தொள்ளாயிரமும் கடந்து அவற்றுக்குப் பின்னே நிற்கும். எண்முறை மாறியபோது பிழையின் வடிவம் மாறிற்றேயன்றிப் பிழை நீங்கவில்லை. எனவே, இக்குறைபாடு அராபிய எண்களுக்கோ ஆங்கில மொழிக்கோ உரியதன்று. எண்ணை எழுத்தாக நோக்குமிடத்தெல்லாம் எழுவது என்பது தேற்றம்.

மலைநாட்டுப் பட்டியல்கள்

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் எண் கலந்த பெயர்கள் எண்ணற்றன. தேயிலை மலைகளுக்கு இலக்கமிட்டு, ‘ஏழாம் நம்பர் மலை’ என அழைத்தல் வழக்கம். மலையொன்று பின்னர்ப் பகுக்கப்படின் 7ஏ, 7பி என்னும் பெயர்கள் தோன்றும். லயங்களுக்கும் அவற்றின் காம்பிராக்களுக்கும் இலக்கம் உண்டு. தொழிலாளி ஒவ்வொருவர்க்கும் செக்ரோல் இலக்கம் உண்டு. தோட்டத்திற் ‘பேர்’ என்னும் சொல் ஒரு நாள் வேலையையே குறிக்கும். செக்ரோலிற் பெயர் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு, விழாவிட்டால் இல்லை. பட்டியலில் ஒருவர் பெயர் எங்கே நிற்கின்றது என்பது இம்மக்களுக்கு ஏட்டுச் செய்தியன்று, அடுப்பெரியும் செய்தியாம்.

இருபது லயங்கள் உள்ள தோட்டம் ஒன்றின் பட்டியலைக் கணினி எழுத்துமுறையில் நிறுத்தின், 1, 10, 11, 12 எனத் தொடங்கி 19 வரை சென்று, அதன்பின் 2, 20, 3, 4 என வரும். அமைதியான நாளில் இது கண்ணுக்கு உறுத்தும் சிறு குறையேயாம். ஆனால் 2014ஆம் ஆண்டு ஒற்றோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்த துயரம் இம்மாவட்டத்தினர் எவரும் மறந்ததன்று. அத்தகைய வேளையில், எந்த லயத்தில், எந்தக் காம்பிராவில், எவரெவர் வாழ்ந்தனர் என்னும் பட்டியலை ஒருவர் உரத்து வாசிக்க மற்றொருவர் சரிபார்க்க நேரும். இரண்டாம் லயத்தைத் தேடுபவர் பதினொரு வரிகளைக் கடந்து செல்ல வேண்டியிருப்பின், அத்தாமதத்தின் விலை பெரிது. இதனைச் சீரிய ஒழுங்கின் தேவையை உணர்த்தும் பொருட்டே ஈண்டு எடுத்துக் கூறினேன்.

தீர்க்கும் வழிகள்

இனி, தரவுத்தளங்களில் இக்குறையைத் தீர்க்கும் வழிகளைக் கூறுவாம். செய்திகளை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக அமைக்கும் தொடர்புடைமைக் கொள்கையை 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளர் ஈ. எப். கொட் வெளியிட்டார். அக்கொள்கையைத் தழுவி, 1974ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பொய்ஸ் என்னும் இருவர் வினவல்மொழி ஒன்றை அமைத்தனர். இன்று எஸ்.கியூ.எல். என வழங்குவது அதன் வழிவந்ததே. அம்மொழியில் ‘ஓடர் பை’ என்னும் தொடர் வரிசைப்படுத்துக எனப் பொருள்படும். அதன்பின் எந்நிரலின் பெயரைக் குறிக்கின்றோமோ, அந்நிரலின் இயல்புக்கு ஏற்பவே வரிசை அமையும். நிரல் உரையாயின் எழுத்துமுறை, எண்ணாயின் எண்முறை.

முதலாவது வழி, வரிசைப்படுத்தும் அவ்வேளையில் மட்டும் உரையை எண்ணாக மாற்றுமாறு பணித்தலாம். ‘காஸ்ட்’ என்னும் சொல் இதற்கென அமைந்தது. ‘ஓடர் பை புள்ளி’ என்பதற்குப் பதிலாக, ‘புள்ளி என்பதை முழுவெண்ணாகக் காஸ்ட் செய்து அதனால் ஓடர் பை’ என எழுதுதல் வேண்டும். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் நிரலின் பெயரோடு பூச்சியத்தைக் கூட்டி எழுதினும் இதே பயன் விளையும். கூட்டற்குறியைக் கண்டவுடன் அது உரையை எண்ணாக நோக்கத் தொடங்கும். மைக்ரோசொப்ட் அக்செஸ் என்பதில் ‘வால்’ என்னும் சார்பு இவ்வேலையைச் செய்யும்.

ஆயினும், எண்ணல்லாதன இடையே விரவி வருமிடத்து இவை ஒரே தன்மையாய் ஒழுகுவதில்லை. 7ஏ என்பதை எண்ணாக்குக எனின், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் என்னும் இரண்டும் முன்னுள்ள 7ஐ எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் அதனை ஏலாது. பிழை எனக் கூறி வினவலையே நிறுத்திவிடும். ‘வ’ என்பதை எண்ணாக்கின் முன்னவை இரண்டும் பூச்சியம் என்னும் விடையைத் தரும். இதுவே மிகவும் அஞ்சத்தக்கது. தேர்வுக்கு வாராமை வேறு, வந்து பூச்சியம் பெறுதல் வேறு. காய்ச்சலால் வீட்டிற் படுத்திருந்த பிள்ளையைப் பூச்சியம் பெற்ற பிள்ளையாக ஆக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. இரைந்து கூறிப் பணியை நிறுத்தும் கருவி, பேசாது தவறாகச் செய்து முடிக்கும் கருவியினும் நல்லது என்பதை அனுபவத்தால் அறிந்தேன்.

பின்னம் கலந்த எண்களிலும் விழிப்பு வேண்டும். கொழுந்தின் நிறை 9.5 கிலோ, 9.25 கிலோ எனப் பதியப்பட்டிருப்ப, அவற்றை முழுவெண்ணாக மாற்றின் வேறுபாடு அழிந்துபோம். அங்குத் தசம எண்ணாக மாற்றுதலே தக்கது.

இரண்டாவது வழி, முதலில் நீளத்தாலும் பின்னர் எழுத்தாலும் வரிசைப்படுத்தலாம். மேலே கூறிய எண்ணின் இலக்கணத்தை அவ்வாறே பின்பற்றும் எளிய வழி இது. நேர் முழுவெண்களுக்கு மட்டும் இது பொருந்தும். முன்னே வீணான பூச்சியமோ இடைவெளியோ கிடப்பின் பொருந்தாது.

மூன்றாவது வழி மிகப் பழையது. எல்லா எண்களையும் ஒரே நீளத்தனவாக எழுதுவது. 7 என்பதை 007 என்றும், 14 என்பதை 014 என்றும் எழுதின், எழுத்தின் வரிசையும் எண்ணின் வரிசையும் ஒன்றாகிவிடும். ஹேர்மன் ஹொலரித் அமைத்த துளையட்டை முறை 1890ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டிற் பயன்பட்டது. பின்னர் வழக்கிற்கு வந்த அட்டை வரிசைப்பொறிகள் ஒரு வேளையில் ஒரு நிரலை மட்டுமே நோக்கவல்லன. அட்டைகளை முதலில் ஒன்றாம் இடத்தாலும், அடுத்துப் பத்தாம் இடத்தாலும், அதன்பின் நூறாம் இடத்தாலும் பொறியிற் செலுத்தி எடுப்பர். இறுதியில் முழு வரிசையும் தானே அமைந்துவிடும். ஒவ்வோர் இடமும் தனக்குரிய நிரலில் நேராக நின்றமையே அதன் இரகசியம். ஆனால் நீளத்தை முன்யோசனையோடு வரையறுத்தல் வேண்டும். மூன்று இடம் போதும் என்று தொடங்கியவர், ஆயிரமாவது பிள்ளை சேர்ந்த அன்று பழைய இடர்ப்பாட்டுக்கே திரும்புவர்.

நாட்களுக்கும் இவ்விதி பொருந்தும். நாள், மாதம், ஆண்டு என்னும் முறையில் உரையாக எழுதப்பட்ட தேதிகளை வரிசைப்படுத்தின், எல்லா மாதத்து முதலாம் நாட்களும் ஒருங்கே திரண்டு நிற்கும். ஆண்டினை முதலில் நான்கு இலக்கத்திலும், மாதத்தையும் நாளையும் இவ்விரண்டு இலக்கத்திலும் எழுதின் எழுத்துமுறையே கால முறையாகிவிடும். 1988ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அனைத்துலக நியமமும் இதனையே விதித்தது.

நான்காவது வழி, கலந்து நிற்பனவற்றைப் பிரித்தலாம். மலையின் இலக்கத்தை ஒரு நிரலிலும், ஏ, பி என்னும் பிரிவெழுத்தை மற்றொரு நிரலிலும் வைத்து, முன்னதை எண்ணாகவும் பின்னதை எழுத்தாகவும் அடுத்தடுத்து வரிசைப்படுத்தின், 7, 7ஏ, 7பி, 8, 10 என மலையில் நடந்து செல்பவன் காணும் ஒழுங்கு கிடைக்கும். புள்ளிப் பட்டியலுக்கும் இதுவே உரிய வழி. புள்ளியை எண்ணிரலில் வைத்து, வாராதவர்க்கு அதனை வெறுமையாக விட்டு, வரவின்மையைத் தனி நிரலிற் குறித்திருப்பின், யான் மேற்கூறிய தவறு பிறந்திராது. வெறுமை பூச்சியமன்று. இறங்குவரிசையில் வெறுமையைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் உச்சியில் நிறுத்தும், மைஎஸ்கியூஎல் அடியில் நிறுத்தும் என்பதை மட்டும் அறிந்து, வேண்டியவாறு பணித்துக்கொள்ளலாம்.

ஆயிரக்கணக்கான பதிவுகளுள்ள தரவுத்தளத்தில், வினவுந்தோறும் உரையை எண்ணாக மாற்றுதல் காலத்தைக் கொள்ளும். நிரலுக்கென அமைத்த சுட்டி, மாற்றப்பட்ட பெறுமானத்துக்கு உதவாமையே காரணம். ஆதலின் மாற்றுதலைத் தற்காலிக மருந்தாகவும், நிரலைச் செம்மையாக அமைத்தலை நிலையான மருந்தாகவும் கொள்க.

எண்போற் தோன்றுவன

இவ்வளவும் கேட்ட மாணவர், “இலக்கம் உள்ளன யாவற்றையும் எண்ணாகவே வைத்துவிடுவோம்” எனக் கருதுதல் கூடும். அக்கருத்தும் தவறாம். அப்புத்தளைப் பகுதித் தொலைபேசி இலக்கங்கள் 057 எனத் தொடங்குவன. எண்ணாக வைப்பின் முன்னுள்ள பூச்சியம் மறைந்து 57 எனத் தொடங்கும், அழைப்புச் செல்லாது. இரு தொலைபேசி இலக்கங்களைக் கூட்டுவார் யாவர்? கூட்டலும் கழித்தலும் பொருளுடையவாகாத இடத்து நிற்பது எண்ணன்று. இலக்கங்களால் எழுதப்பட்ட பெயரே என்க.

நம் தேசிய அடையாள அட்டையின் இலக்கம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்வழி வந்த இவ்வட்டைகள் 1972ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டன. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் ஓர் எழுத்தும் இருக்கும். முதலிரண்டும் பிறந்த ஆண்டின் ஈற்றிலக்கங்கள். அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாம் நாள் என்பதைக் காட்டுவன; பெண்களாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அவற்றின் பின் தொடரிலக்கம் மூன்றும் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றும் வரும். 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் புதிய இலக்கத்திலோ எழுத்தில்லை, ஆண்டு நான்கு இலக்கமாயிற்று, தொடரிலக்கமும் நான்காயிற்று, ஆகப் பன்னிரண்டு.

பெற்றோரின் அட்டை இலக்கங்களைக் கொண்ட பாடசாலைப் பட்டியலில் இவ்விரண்டும் கலந்து நிற்கும். எழுத்துமுறையில் வரிசைப்படுத்தின் 1990 எனத் தொடங்கும் புதிய இலக்கம், 58 எனத் தொடங்கும் பழைய இலக்கத்துக்கு முன்னே நிற்கும். எழுத்தை அகற்றி எண்ணாக்கின், ஒன்பதிலக்கத்தன யாவும் முன்னும் பன்னிரண்டிலக்கத்தன யாவும் பின்னுமாக நிற்கும். அப்போது 92இல் பிறந்தவர் 1990இல் பிறந்தவர்க்கு மூத்தவராகிவிடுவர். இரண்டும் பிழையே. பழைய இலக்கத்தின் முன்னே 19ஐச் சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களின் பின் ஒரு பூச்சியத்தை இட்டு, பன்னிரண்டாக நீட்டித் தனி நிரலில் வைத்து வரிசைப்படுத்துதலே முறை. அப்பொழுதும் ஓராண்டிற் பிறந்தோருள் ஆண்கள் யாவரும் முன்னும் பெண்கள் யாவரும் பின்னுமாகவே நிற்பர் என்பதை மறத்தலாகாது. 500 கூட்டப்பட்டமையின் விளைவு அது.

அவ்வாறு நீட்டும்போது ஈற்றெழுத்தை என் செய்வது? அது பொருளற்ற ஒட்டன்று. வாக்குரிமை உடையார்க்கு ‘வீ’ என்னும் ஆங்கில எழுத்தும், அவ்வுரிமை இல்லார்க்கு ‘எக்ஸ்’ என்னும் எழுத்தும் பொறிக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கும் எண்ணிக்கை வகுத்துப் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோரும் குடியுரிமை பெற்ற ஒரு சமூகத்தின் நடுவே நாம் வாழ்கின்றோம். அவ்வொப்பந்தத்தில் 5,25,000 என்றும் 3,00,000 என்றும் எழுதப்பட்டவை வெறும் எண்கள் அல்ல; மக்கள். நம் மூத்தோர் சிலரின் அட்டையில் ஈற்றில் நின்ற ஓரெழுத்து அவர்தம் வாழ்நாட் கதையின் சுருக்கம். எண்ணாக்கும் ஆர்வத்தால் அவ்வெழுத்தை அழித்துவிடும் கணினி, அக்கதையையும் அழித்துவிடும். ஆதலின் மூல இலக்கத்தை உள்ளவாறே உரையாகக் காத்து, வரிசைக்கு வேண்டிய வடிவத்தை வேறாக அமைத்துக்கொள்க.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், எழுத்தின் வரிசையும் எண்ணின் வரிசையும் வெவ்வேறு என்பதும், எண்ணை எழுத்தாக வைத்தவிடத்து நீண்டது குறுகியதற்குப் பின்தள்ளப்படும் என்பதும், மாற்றுதல், நீளம் நோக்குதல், பூச்சியம் இட்டு ஒப்பாக்குதல், பிரித்து வைத்தல் என்னும் நால்வகையால் அதனைத் தீர்க்கலாம் என்பதும், எண்போற் தோன்றியும் எண்ணல்லாதன உள என்பதும் பெறப்பட்டன.

ஒரு நிரலை அமைக்குமுன் கேட்கத்தக்க வினா ஒன்றே: இதனைக் கூட்டுவோமா, ஒப்பிடுவோமா, அன்றி அழைப்போமா? கூட்டவும் ஒப்பிடவும் வேண்டியதை எண்ணாக வைக்க. அழைப்பதற்கே உரியதை எழுத்தாக வைக்க. பட்டியல் கைக்கு வந்தபின் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. உச்சியை மட்டும் நோக்கி மகிழாது, அடியில் நிற்கும் பெயரையும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். அறுபத்தோராம் வரியை அன்று யான் வாசித்திருப்பேனாயின், ஒரு தாய் அரைப் பேரை இழந்து, மடித்த விடைத்தாளோடு என்முன் நின்றிராள். அம்மாணவி பின்னர் க.பொ.த. சாதாரண தரத்திற் கணிதத்தில் அதிவிசேட சித்தி பெற்றாள். அப்பெறுபேற்றுத் தாளை எடுத்துக்கொண்டு அவள் அன்னை மீண்டும் வந்தபோது, யான் அவளிடம் வேறொன்றும் கூறவில்லை; தாளை வாங்கி, மேலிருந்து கீழாக, ஒரு வரியும் விடாது வாசித்தேன்.